லத்தீன் விழுங்கிய மொழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கடைசியில் நாலைந்து பேருக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாவது வகுப்பு முடிவதற்குள் யாராவது ஒருவர், "இத்தாலியில் வேறு மொழியே இல்லையா?" என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு இலக்கணம் அவ்வளவுதான். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

லத்தீன்னா ரோம், ரோம்னா இத்தாலி. அப்போ இத்தாலி முழுக்க லத்தீன்தானே பேசியிருப்பாங்க?

இல்லை. கி.மு. 400 வாக்கில் லத்தீன் ஒரு சின்ன வட்டாரத்தின் மொழி. டைபர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ரோம் நகரம், அதைச் சுற்றி லாத்தியம் என்ற சமவெளி, அவ்வளவுதான் அதன் எல்லை. ஆற்றுக்கு வடக்கே எட்ருஸ்கன் பேசினார்கள். வடகிழக்கில் உம்ப்ரியன். அட்ரியாட்டிக் கடல் பக்கத்து மலைகளில் தென் பிசீன். தெற்கே சாம்னியம் மலைநாட்டில் தொடங்கி, கம்பானியா, லுக்கானியா என்று இத்தாலியின் 'கால்விரல்' வரைக்கும் ஓஸ்கன். குதிகால் பகுதியில் மெஸ்ஸாப்பிக். தெற்குக் கடற்கரை நகரங்களில் கிரேக்கம். வடகிழக்கு மூலையில் வெனெட்டிக்.

அன்றைக்கு வரைபடம் போட்டிருந்தால் லத்தீன் ஒரு பொட்டாகத்தான் தெரிந்திருக்கும். ஓஸ்கனின் பரப்பு அதைப்போலப் பல மடங்கு. எது ஜெயிக்கும் என்று கி.மு. 400-இல் யாராவது பந்தயம் கட்டியிருந்தால், லத்தீன் மேல் பணம் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதெல்லாம் லத்தீனோட வட்டார வழக்குதானே? நம்ம நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி?

அப்படி இல்லை. தமிழுக்குத் தெலுங்கு எப்படியோ அப்படி. ஒரே குடும்பம், தனித்தனி மொழிகள். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் இத்தாலிக் என்று ஒரு கிளை. அதற்குள் இரண்டு பிரிவு. ஒன்றில் லத்தீனும் ஃபாலிஸ்கனும். இன்னொன்றில் ஓஸ்கன், உம்ப்ரியன், தென் பிசீன், அவற்றோடு மார்சியன், வோல்ஸ்கியன், பெலிக்னியன் போன்ற சின்ன மொழிகள். இந்த இரண்டாவது பிரிவுக்கு சபெல்லிக் என்று பெயர்.

வட்டார வழக்கு என்று சொல்லத் தகுந்தது ஃபாலிஸ்கன் ஒன்றுதான். அதைக்கூடத் தனிமொழி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வெனெட்டிக் இந்தக் கிளைக்குள் வருமா, தனிக்கிளையா என்பதில் இன்னும் இழுபறி இருக்கிறது.

எட்ருஸ்கனை ஏன் இந்தக் குடும்பத்துல சேர்க்கல?

அது இந்தோ-ஐரோப்பிய மொழியே இல்லை. வீடு பக்கத்தில் இருந்தது, உறவு கிடையாது. ஆனால் இங்கே முக்கியமான ஒரு வேலை செய்தது: இத்தாலியில் பல பேருக்கு எழுத்து கற்றுக்கொடுத்தது அதுதான். மெஸ்ஸாப்பிக் இந்தோ-ஐரோப்பியம்தான், ஆனால் இத்தாலிக் கிளை இல்லை. இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

லத்தீன் தெரிஞ்சவருக்கு ஓஸ்கன் புரிஞ்சிருக்குமா?

பழகினால் புரிந்திருக்கும், பழகாமல் புரிந்திருக்காது. கி.மு. 296-இல் சாம்னைட்டுகளின் (சாம்னியம் மலைநாட்டுக்காரர்கள்) முகாமை உளவு பார்க்க ரோமானியத் தளபதி ஆள் அனுப்புகிறார். ஓஸ்கன் தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். தெரிந்தவர்கள் என்று தனியாகத் தேட வேண்டியிருந்தது என்பதிலேயே விடை இருக்கிறது.

ஒலி வேறுபாடு ஒழுங்கானது. நம் பால், புலி, பல் எல்லாம் கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு ஆகிறதல்லவா, அதே மாதிரி. லத்தீனில் 'குவ' வருகிற இடத்தில் சபெல்லிக் மொழிகளில் 'ப' வரும். 'யார்' என்பது லத்தீனில் குவிஸ், ஓஸ்கனில் பிஸ். நான்கு லத்தீனில் குவாத்துவோர், உம்ப்ரியனில் பெதூர். லத்தீனில் சொல்லின் நடுவே 'ப' ஒலிக்கும் சில இடங்களில் ஓஸ்கனில் 'ஃப' வரும். 'உனக்கு' என்பது அங்கே திபி, இங்கே திஃபே.

இந்த விதிகளைப் பிடித்துவிட்டால் பாதி தூரம் போய்விடலாம். மீதிப் பாதியில் சொல்லே வேறு. நெருப்பு லத்தீனில் இக்னிஸ், உம்ப்ரியனில் பிர். தண்ணீர் அங்கே அக்வா, இங்கே உதுர். மகள் லத்தீனில் ஃபீலியா, ஓஸ்கனில் ஃபுதிர். கவனித்தால், பிர் என்பது ஆங்கிலத்தின் ஃபயருக்கும், உதுர் வாட்டருக்கும், ஃபுதிர் டாட்டருக்கும் சொந்தம். பழைய சொத்தைப் பிடித்து வைத்திருந்தவை இந்த மலைநாட்டு மொழிகள். லத்தீன் அவற்றை விட்டுவிட்டது.

எங்களுக்குத் தெரிஞ்ச சொல் ஏதாவது ஓஸ்கன்ல இருந்து வந்திருக்கா?

வகுப்பில் ஒரு மாணவி இதைக் கேட்டபோது, அவர் ஞாயிறுதோறும் கோயிலில் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார் என்றேன். விசுவாசப் பிரமாணத்தில் வரும் 'பொந்தியு பிலாத்து' (கத்தோலிக்கர் வாயில் 'போஞ்சு பிலாத்து'). பொந்தியுஸ் என்பது சபெல்லிக் குடும்பப் பெயர். ஐந்து என்ற எண்ணிலிருந்து வந்தது. அதே பொருளில் லத்தீன்காரர் வைக்கும் பெயர் குவின்தியுஸ். மேலே சொன்ன குவ–ப விதிதான். கி.மு. 321-இல் கௌடியம் கணவாயில் ரோமானியப் படையை மடக்கி, நுகத்தடிக்குக் கீழே குனிந்து நடக்க வைத்த சாம்னைட் தளபதியின் பெயரும் கையுஸ் பொந்தியுஸ்தான்.

நீரோ மன்னன் பெயர் ரோமின் அண்டையரான சபைன் மக்களின் மொழியில் 'வீரன்' என்று பொருள்படும் என்று ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உம்ப்ரியனில் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு 'நெர்ஃப்' என்று பெயர். சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த 'நரன்' இவற்றுக்குத் தூரத்து உறவு.

அப்புறம் பீஃப். லத்தீனில் மாட்டுக்கு போஸ். லத்தீனின் சொந்த ஒலி விதிப்படி அது 'வோஸ்' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அது சபெல்லிக் பக்கத்திலிருந்து கடன் வாங்கிய சொல். மலையிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்களிடம் சொல்லையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். போஸ் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் நம்மூர் பிரியாணிக் கடைப் பலகையில் வந்து நிற்கிறது. ஓநாய்க்கு லத்தீனில் லூபுஸ் என்பதும், சாப்பாட்டுக் கடைக்குப் போபீனா என்பதும் இதே வகை. போபீனாவைப் பாருங்கள். சமைப்பதற்கு லத்தீனின் சொந்த வேர் 'கொக்குவ'. கடைக்காரன் மட்டும் 'பொப' என்று சொல்லியிருக்கிறான்.

எந்த எழுத்துல எழுதினாங்க?

பெரும்பாலும் எட்ருஸ்கனிடம் வாங்கிய எழுத்து, வலமிருந்து இடமாக. ஓஸ்கன்காரர்கள் அதைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி திருத்தி, கூடுதலாக இரண்டு உயிரெழுத்துகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தெற்கே லுக்கானியாவில் அதே ஓஸ்கனைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். கடைசிக் காலத்தில் லத்தீன் எழுத்து. ஒரு மொழிக்கு மூன்று எழுத்து.

உம்ப்ரியன் கதை தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். எட்ருஸ்கனில் 'கப்பல்' ககரத்துக்கும் 'காந்தி' ககரத்துக்கும் வேறுபாடு தேவைப்படவில்லை. அந்த எழுத்தை வாங்கிய உம்ப்ரியர் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தைப் போட்டார்கள். தகரத்திலும் அப்படியே. உகரத்துக்கும் ஒகரத்துக்கும்கூட ஒரே எழுத்து. இந்த எழுத்தில் எழுதிய சடங்கு ஒன்றைப் பிற்காலத்தில் லத்தீன் எழுத்தில் திரும்ப எழுதியதால்தான் எந்த இடத்தில் எந்த ஒலி என்று நமக்குத் தெரிகிறது. இந்தப் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதும் எனக்கும் அதே தொல்லைதான். நான் எழுதியிருக்கும் 'திபி'யில் பகரம் 'பந்து' என்பதில் வரும் ஒலி, 'பிஸ்' என்பதில் 'பல்' ஒலி.

தென் பிசீன் இன்னும் வேடிக்கை. ஒகரத்தை ஒரு புள்ளியாகவும் ஃபகரத்தை இரண்டு புள்ளியாகவும் சுருக்கிவிட்டார்கள். ரொம்ப நாள் அறிஞர்கள் அவற்றைச் சொல் பிரிக்கும் புள்ளிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரோசெட்டா கல் (எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய இருமொழிக் கல்) மாதிரி ஏதாவது கிடைச்சுதா? இல்லாம எப்படிப் படிச்சாங்க?

எழுத்தைப் படிப்பது பெரிய சிரமமாக இருக்கவில்லை, கிரேக்க, லத்தீன் எழுத்துகளின் உறவுக்காரன்தானே. பொருள் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருந்தது. 1833-இல் லெப்சியுஸ் (ஆமாம், பிறகு எகிப்தியல் ஆய்வில் பெரிய பெயர் எடுத்தவர்தான்) உம்ப்ரியன் பலகைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். 1850 வாக்கில் ஔஃப்ரெக்ட்டும் கிர்ஷாஃபும் உம்ப்ரியனையும், மொம்சென் தென்னித்தாலிய மொழிகளையும் முறையாக வகைப்படுத்தினார்கள். லத்தீனோடு ஒப்பிடுவது, ஒரே சொல் வரும் இடங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்ப்பது, இதுதான் வழி.

இருமொழிக் கல்வெட்டு என்று சொல்லத் தகுந்தவை மிகச் சில. அவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு கூரை ஓடு. சாம்னியத்தில் பியெட்ராபொந்தாந்தே என்ற ஊர்க் கோயிலுக்காகச் சுட்டது, கி.மு. 100 வாக்கில். ஈரக் களிமண் ஓட்டின் மேல் இரண்டு பெண்கள் செருப்புக் காலோடு ஏறி நின்று தடம் பதித்திருக்கிறார்கள். ஒருத்தி ஓஸ்கனில் எழுதுகிறாள்: 'ஹெரென்ஸ் சத்தியின் தெத்ஃப்ரி காலால் கையெழுத்திட்டாள்.' இன்னொருத்தி லத்தீனில்: 'ஹெரென்ஸின் அமிகா கையெழுத்திட்டாள், நாங்கள் ஓடு வைத்துக்கொண்டிருந்தபோது.' இருவரும் ஒரே எசமானின் அடிமைகள் என்று தெரிகிறது. ஒரே களம், ஒரே வேலை, பக்கத்தில் பக்கத்தில் நின்ற கால்கள், ஆளுக்கொரு மொழி. ஓஸ்கனும் லத்தீனும் எப்படிக் கலந்து வாழ்ந்தன என்று யாராவது கேட்டால், புத்தகங்களை எடுப்பதற்கு முன் இந்த ஓட்டின் படத்தைத்தான் காட்டுவேன்.

கதை, கவிதை எதுவும் மிஞ்சலையா?

இலக்கியம் என்று ஒரு வரிகூட இல்லை. வெண்கலம், கல், ஓடு, சுவர் இவற்றில் எழுதியது மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அவையும் பெரும்பாலும் கோயில், சட்டம், காசு பற்றியவை. பாந்தியா என்ற ஊரின் வெண்கலப் பலகையில் ஓஸ்கன் சட்டம் இருக்கிறது, மறுபக்கம் லத்தீன் சட்டம். அபெல்லா என்ற ஊரில் ஒரு கல், கோட்டையில் வாசற்படியாக மிதிபட்டுக் கிடந்தது. 1745-இல்தான் அதில் எழுத்து இருப்பதைக் கவனித்தார்கள். அபெல்லாவும் பக்கத்து ஊரான நோலாவும் தங்களுக்குப் பொதுவான ஹெர்குலிஸ் கோயிலின் நிலத்தையும் கருவூலத்தையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று செய்த ஒப்பந்தம் அது.

எழுதாத கலை இருந்தது. அதெல்லா என்ற ஓஸ்கன் ஊரின் பெயரில் ஒரு கேலிக்கூத்து, முட்டாள், பெருந்தீனிக்காரன், கிழவன் என்று நிரந்தரப் பாத்திரங்களோடு ரோமில் சக்கைப்போடு போட்டது. லத்தீன் கவிதையின் தந்தை எனப்படும் என்னியுஸ் (பிறப்பு கி.மு. 239) தனக்கு மூன்று இதயம் என்பாராம்: கிரேக்கம், ஓஸ்கன், லத்தீன். அந்த இரண்டாவது இதயத்தில் என்ன பாட்டு இருந்தது என்பது நமக்குக் கிடைக்கவில்லை.

ஒரு முழு வாக்கியம் சொல்லுங்க, கேட்ட உடனே புரியற மாதிரி.

அதற்கு ஃபாலிஸ்கன்தான் வசதி. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் குடிகிண்ணம் ஒன்றில் எழுதியிருக்கிறது: 'ஃபோயெத் வீனோ பிபாஃபோ, க்ரா கரேஃபோ.' இன்றைக்கு மது குடிப்பேன், நாளைக்கு இல்லாமல் இருப்பேன். லத்தீனில் அதையே 'ஹோதியே வீனும் பிபாம், க்ராஸ் கரேபோ' என்பார்கள். கிண்ணம் ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபாலிஸ்கர்களின் தலைநகர் ஃபலேரியை ரோமானியர் கி.மு. 241-இல் இடித்துவிட்டு, மக்களைச் சமவெளியில் புது ஊருக்கு மாற்றினார்கள். நாளைக்கு இல்லாமல் இருப்பேன் என்று எழுதியவன் குடியைத்தான் சொன்னான். ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும்.

இகுவியப் பலகைகள்னு அடிக்கடி சொல்றீங்களே, அதுல என்னதான் இருக்கு?

உம்ப்ரியனில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இதிலிருந்துதான். ஏழு வெண்கலப் பலகைகள், 4,000-க்கும் மேற்பட்ட சொற்கள். கண்டெடுத்த ஊர் குப்பியோ, பழைய பெயர் இகுவியம். 1456-இல் ஊராட்சி இவற்றை ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. இரண்டு வருட மேய்ச்சல் உரிமைதான் விலை. வெண்கலத்தை உருக்கிக் காசாக்காமல் வாங்கி வைத்த அந்த ஊராட்சிக்கு ஒரு கும்பிடு.

உள்ளே இருப்பது அதியேதியச் சகோதரர்கள் என்ற பூசாரிக் குழுவின் கையேடு. ஊரைச் சுற்றி வலம் வந்து சுத்தப்படுத்தும் சடங்கு முக்கியமானது. முதலில் பறவைச் சகுனம் பார்க்க வேண்டும், மரங்கொத்தி எந்தப் பக்கம், காகம் எந்தப் பக்கம் என்று. பார்க்கிறவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் முணுமுணுக்கக் கூடாது, குறுக்கே வரக்கூடாது. ட்ரெபுலா வாயிலுக்கு முன்னால் யூபிதர் கிராபோவியுஸுக்கு மூன்று எருது பலி. பிறகு அடுத்த வாயில். நடுவில் எங்காவது தடங்கல் வந்தால், மறுபடி பறவை பார்த்து, ட்ரெபுலா வாயிலுக்கே திரும்பிப் போய், ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். எட்ருஸ்கர்களும் பக்கத்து ஊரான தாதினும்காரர்களும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பும் உண்டு. அண்டை வீட்டுக்காரர்மேல் அவ்வளவு பிரியம்!

வேண்டுதல்களில் 'துபுர்சுஸ் பெதுர்புர்சுஸ்' என்று வரும். இருகால் உயிருக்கும் நாற்கால் உயிருக்கும். வேதத்தில் வரும் 'த்விபத, சதுஷ்பத' வேண்டுதலும் இதே மாதிரி. இரண்டும் ஒரே பழைய மொழிமரபின் மிச்சம் என்பது ஒப்பியல் அறிஞர்கள் கருத்து. பெதுர் நான்கு என்பதைக் குவ–ப விதியில் ஏற்கனவே பார்த்தோம்.

பொம்பெயி ரோமானிய ஊர்தானே? அங்க ஓஸ்கன் எங்க வந்துச்சு?

எரிமலை மூடியபோது (கி.பி. 79) ரோமானிய ஊர். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால்வரை ஓஸ்கன் பேசும் ஊர். ஸ்டாபியன் குளியலகத்தில் ஒரு சூரியக் கடிகாரம் கிடைத்தது. அபராதப் பணத்தில் இதை வைத்தவர் மாரஸ் அதினியுஸ் என்ற அதிகாரி என்று அதில் ஓஸ்கனில் எழுதியிருக்கிறது. அவருடைய பதவிப் பெயர் 'க்வைஸ்தூர்', லத்தீனிலிருந்து வாங்கியது. மொழி தங்களுடையது, பதவி ரோமுடையது. மாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்று இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

வீட்டுச் சுவர்களில் சிவப்புச் சாயத்தில் வழிகாட்டிகள் இருக்கின்றன: 'இந்தச் சந்து வழியாகப் போங்கள், 12-ஆம் கோபுரத்துக்கும் உப்பு வாயிலுக்கும் நடுவில்' என்று, அங்கே பொறுப்பிலிருக்கும் ஆளின் பெயரோடு. கி.மு. 89-இல் ரோமானியத் தளபதி சுல்லா ஊரை முற்றுகையிட்டபோது காவல் படைக்காக எழுதியவை என்பது பெரும்பாலோர் கருத்து.

ரோமானியர்கள் இந்த மொழிகளைத் தடை செஞ்சாங்களா?

அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. நேர்மாறான சம்பவம்தான் பதிவாகியிருக்கிறது. கி.மு. 180-இல் கம்பானியாவின் குமே நகரம் ரோமிடம் ஒரு விண்ணப்பம் வைத்தது: பொது அலுவல்களில் லத்தீன் பேசவும், ஏலக்காரர்கள் லத்தீனில் ஏலம் விடவும் அனுமதி வேண்டும். ரோம் அனுமதித்தது. திணித்தவன் இல்லை, கேட்டவன்தான் இருக்கிறான். அதுவும் எதற்கு? ஏலம் விட. வியாபாரம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழிக்குப் போகிறார்கள்.

மற்றக் காரணங்களும் அதே ரகம். கூட்டாளி ஊர்களின் இளைஞர்கள் ரோமானியப் படையோடு வருடக்கணக்கில் போர்முனையில் இருந்தார்கள். கைப்பற்றிய நிலங்களில் லத்தீன் பேசும் குடியேற்றங்கள் முளைத்தன. கி.மு. 312-இல் தொடங்கிய அப்பியன் சாலை ரோமிலிருந்து நேராகக் கம்பானியாவுக்குப் போனது. எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் பெரிய வாய்ப்பு ரோமில்தான்.

அப்போ யாருமே எதிர்க்கலையா? சும்மா விட்டுட்டாங்களா?

எதிர்த்தார்கள், ஆனால் மொழிக்காக இல்லை. கி.மு. 91-இல் இத்தாலியக் கூட்டாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ரோமானியக் குடியுரிமை கிடைக்கவில்லை என்பதுதான் முக்கியக் குறை. பெலிக்னியர் நாட்டில் கோர்ஃபினியம் என்ற ஊரைத் தலைநகராக்கி, இத்தாலியா என்று பெயர் மாற்றி, சொந்தக் காசு அடித்தார்கள். சிலவற்றில் லத்தீனில் 'இத்தாலியா', சிலவற்றில் ஓஸ்கனில் 'விதேலியு'. ஒரு காசில் காளை ஒன்று ரோமின் ஓநாயைக் கொம்பால் குத்திக் கீழே அழுத்துகிறது. இத்தாலி என்ற பெயரை ரோமுக்கு எதிரான கொடியாகப் பிடித்தவர்கள் இவர்கள்.

போரில் ரோம் வென்றது, கோரிக்கையில் கூட்டாளிகள் வென்றார்கள். கி.மு. 90-இலும் 89-இலும் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன. ஓட்டுப் போடவும் வழக்காடவும் பதவிக்கு நிற்கவும் இனி லத்தீன்தான். கேட்டது கிடைத்ததும் ஓஸ்கனுக்குப் பொதுவாழ்வில் வேலை இல்லாமல் போயிற்று.

முந்தின பதிலில் எல்லாம் அமைதியாக நடந்த மாதிரி எழுதிவிட்டேன், அது முழு உண்மை இல்லை. கி.மு. 82-இல் ரோமின் கொல்லீன் வாயிலில் சாம்னைட் படையை முறியடித்த சுல்லா, சிறைப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் வெட்டிப் போட்டார். சாம்னைட்டுகள் இருக்கும்வரை எந்த ரோமானியனும் நிம்மதியாக வாழ முடியாது என்று அவர் சொன்னதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். கி.மு. 80-இல் பொம்பெயியில் தன் படைவீரர்களைக் குடியேற்றினார். மொழிமேல் யாரும் கை வைக்கவில்லை. பேசியவர்கள்மேல் வைத்தார்கள்.

கடைசியா ஓஸ்கன் பேசின ஆள் யாரு? எந்த வருஷம்?

அப்படி ஒரு ஆளும் வருடமும் கிடையாது. அலுவல் கல்வெட்டுகள் மேலே சொன்ன போரோடு ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. ஆனால் கல்லில் வெட்டுவது நின்ற நாளும் வீட்டில் பேசுவது நின்ற நாளும் ஒன்றாக இருக்காது. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ட்ராபோ, லுக்கானியர் போன்றோர் ரோமானியராகிவிட்டார்கள், மொழியும் உடையும் ஆயுதமும் தனியாகத் தெரிவதில்லை என்கிறார். அதே ஸ்ட்ராபோதான், ஓஸ்கர்கள் மறைந்தாலும் அவர்கள் பேச்சு ரோமின் கூத்து மேடையில் இருக்கிறது என்கிறார். பொம்பெயிச் சுவர்க் கிறுக்கல்களில் சில கி.பி. 79 வரை வருமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மலைக் கிராமங்களில் பாட்டிகள் இன்னும் இரண்டு தலைமுறை பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பேசின ஜனங்க என்ன ஆனாங்க? அழிஞ்சுட்டாங்களா?

சுல்லாவின் வாளுக்குத் தப்பியவர்கள் லத்தீன்காரர்கள் ஆனார்கள், அதுவும் சாதாரண லத்தீன்காரர்கள் இல்லை. நகைச்சுவை நாடகம் என்றால் முதலில் வாயில் வரும் பிளவுதுஸ், உம்ப்ரியாவின் சார்சினாவில் பிறந்தவர். காதல் கவிஞர் ப்ரோபெர்தியுஸும் உம்ப்ரியாக்காரர். கவிஞர் ஹோரஸ் பிறந்த வெனூசியா அபூலியா–லுக்கானியா எல்லையில். கவிஞர் ஓவித் பெலிக்னியர் நாட்டில், சுல்மோவில், கி.மு. 43-இல் பிறந்தார். காளைக் காசு அடித்த கோர்ஃபினியம் அங்கிருந்து கூப்பிடு தூரம். காசு அடித்து ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. அவருடைய தாத்தாவுக்குப் பெலிக்னியன் காதில் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பேரன் எழுதியதெல்லாம் லத்தீன்.

கிரேக்கம் மட்டும் எப்படித் தப்பிச்சுது? அதுவும் ரோமுக்குக் கீழதானே இருந்துச்சு?

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. ஸ்ட்ராபோ காலத்திலும் நேப்பிள்ஸில் கிரேக்கப் பழக்கங்கள் தழைத்திருந்தன. தென்னித்தாலியின் சில கிராமங்களில் இன்றைக்கும் ஒருவகைக் கிரேக்கம் பேசுகிறார்கள். அது பழங்காலத்திலிருந்து தொடர்வதா, பைசாந்தியக் காலத்தில் வந்ததா என்ற சண்டை தனி. கிரேக்கத்துக்குப் பின்னால் ஹோமர் இருந்தார், பள்ளிக்கூடம் இருந்தது, கிழக்கு முழுக்க சந்தை இருந்தது. ரோமானியப் பணக்காரன் தன் பிள்ளைக்குக் கிரேக்க வாத்தியார் வைத்தான். ஓஸ்கனுக்கு யாரும் வாத்தியார் வைக்கவில்லை.

இன்னைக்கு இத்தாலியர்கள் பேச்சுல ஏதாவது மிச்சம் இருக்கா?

தெற்கிலும் ரோம் வட்டாரத்திலும் 'குவாந்தோ' (எப்போது) என்பதைக் 'குவான்னோ' என்பார்கள், 'மோந்தோ' (உலகம்) 'முன்னோ' ஆகும். 'ந்த' இருக்கும் இடத்தில் 'ன்ன'. ஓஸ்கனிலும் அச்சாக இதே மாற்றம் நடந்தது. லத்தீனின் 'ஓபெரந்தாம்' வகைச் சொல் அங்கே 'உப்சன்னாம்'. அதனால் இது ஓஸ்கன் நாக்கின் மிச்சம் என்று நெடுநாள் நம்பினார்கள். மறுப்பவர்கள், இந்த மாற்றம் எழுத்தில் தென்படுவது இடைக்காலத்தில்தான், நடுவில் ஆயிரம் வருடம் எங்கே போனது என்கிறார்கள். மேலும் இது உலகில் எங்கும் நடக்கக்கூடிய ஒலிமாற்றம். நம் பேச்சிலும் 'கன்று' 'கன்னு' ஆகிறதே, ஓஸ்கனா காரணம்? எனக்கு மறுப்பவர்கள் பக்கம்தான் சாய்வு. உறுதியான மிச்சம் வேண்டுமென்றால் மாட்டையும் ஓநாயையும் பற்றிய பதிலுக்குப் போங்கள்.

இப்போ கத்துக்க முடியுமா? எங்க போய்ப் பார்க்கலாம்?

பேசக் கற்க முடியாது. 'காலை வணக்கம்' எப்படிச் சொன்னார்கள் என்றுகூடக் கிடைக்கவில்லை. படிக்கக் கற்கலாம். லத்தீன் ஓரளவு வந்தபின் ஆறு மாதம் உட்கார்ந்தால் கல்வெட்டுகளைத் தடவித் தடவிப் படித்துவிடலாம். லத்தீன் இல்லாமல் இறங்காதீர்கள், மூச்சுத் திணறும்.

பலகைகள் குப்பியோவில் பலாத்ஸோ தெய் கோன்சோலி அருங்காட்சியகத்தில். ஓஸ்கனுக்கு நேப்பிள்ஸ் தேசிய அருங்காட்சியகம். தென் பிசீன் எழுத்தோடு அகலத் தொப்பி போட்டு நிற்கும் கபெஸ்த்ரானோ வீரன் சிலை (1934-இல் கிடைத்தது) கியெத்தியில். லண்டன் பக்கம் உறவினர் யாராவது இருந்து போக நேர்ந்தால், பிரிட்டிஷ் மியூசியத்தில் அக்னோனே பலகையைக் கேளுங்கள். 1848-இல் கிடைத்த சின்ன வெண்கலத் தகடு. தானியத் தெய்வத்தின் தோட்டத்தில் எந்தெந்தச் சாமிக்கு இடம் என்று இரண்டு பக்கமும் பட்டியல். தோட்டத்துக்கு அதில் 'ஹூர்ஸ்' என்று இருக்கும், லத்தீன் ஹோர்துஸின் உடன்பிறப்பு. வலப்பக்கத்திலிருந்து தேடுங்கள்.